பழைய கம்பைலரை நீக்க வந்தவர்

ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலை சர்வரின் லினக்ஸைப் புதுப்பித்ததும், எழுதிய நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித்தரும் பழைய கம்பைலரை நீக்க ஒருவர் வந்தார். வெளியே வெயில் கொளுத்த, சர்வர் அறையின் ஏசி குளிருக்கு மங்கிப்போன ஸ்வெட்டர் போட்டிருந்தார். எதையும் உடனே அழிக்கமாட்டார். அதோடு சேர்ந்து எதெல்லாம் போகும் என்று கணினியிடமே கேட்டு, தாளில் எழுதி, ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கோடு போட்டு அடிப்பார்.

"புதுசுதான் ஓடுதே சார், தூக்கிடலாமே?" என்றேன்.

"இத்த நம்பிக்கினு எதுனா இருந்தா லைன் நின்னுடும்பா."

எந்த நிரலும் தேடினால் கிடைக்காதபடி பழையதன் பெயரை மட்டும் மாற்றிவைத்து, மூன்று ஷிப்டும் ஓடும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். எதுவும் நிற்கவில்லை.

"இத்த நம்பி ஒண்ணும் இல்ல" என்று சொல்லி நீக்கினார்.

"நேத்திலேருந்து இங்கயே கீறீங்களே சார், வூட்ல தேட மாட்டாங்களா?"

தாளை நான்காக மடித்தார்.

"யாரும் இல்லப்பா" என்றார், கம்பைலரைப் பற்றிச் சொன்ன அதே குரலில்.