சம்பந்தியின் செர்ரி பியர்

கிளெமென்றுக்கு ஒஸ்லோவில் முப்பது வருசமாக பஸ் ஓட்டுகிற வேலை. பஸ்ஸில் இருக்கும்போது வாய் திறக்கமாட்டார். கையில் ஒரு கிளாஸ் வந்துவிட்டால் மூடமாட்டார். மனைவி மரியமலரின் கூடப்பிறந்த தமையன் அருளானந்தன், தன் மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கில் மேசைக்கு மேசை பேர்போன விஸ்கி வைத்தபோது, "போத்தல் நல்லது, உள்ளுக்கு இருக்கிற சரக்குத்தான் வேறை" என்று மைக்கைப் பிடித்துச் சொன்னவர் இவர்தான். அன்றிலிருந்து அந்த வீட்டு நத்தார்ப் பண்டிகைக் கேக் குரோருட்டில் இருக்கிற இவர் வீட்டுப் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை.

ஆகவே, மகள் லீசாவைக் கட்டப்போகிற நோர்வேக்காரப் பெடியனின் தகப்பன் ஓட்வார், தானே காய்ச்சிய செர்ரிப்பழக் கறுத்த பியரோடு நத்தாருக்கு முந்தின கிழமை வீட்டுக்கு வந்தபோது, மரியமலர் முதல் வேலையாகக் கணவனைக் குசினிக்குள் இழுத்தார்.

"மனுசன் மாரிக்குளிருக்கெண்டு மினக்கெட்டுக் காய்ச்சினதாம். நல்லாயிருக்கெண்டு சொல்லிப்போட்டுச் சும்மா இருங்கோ. பிள்ளையின்ரை கலியாணம்."

"நல்லாயில்லாட்டி?"

"நல்லாயிருக்கும்."

ஓட்வார் ஊற்றினார். எஞ்சின் ஒயில் நிறம். கிளெமென்ற் ஒரு வாய் உறிஞ்சினார். முதலில் செர்ரி இனித்தது, பிறகு கராம்பு, அதற்குப் பின்னால் கருகின கோப்பி. சம்பந்தி கண்கொட்டாமல் பார்த்தார். லீசா மேசைக்குக் கீழே தகப்பனின் காலை மிதித்தாள்.

கிளெமென்ற் மேசையில் இருந்த கணவாய் மீன் பிரட்டலில் ஒரு துண்டை வாயில் போட்டார். கடிக்க ஒன்றுமில்லாமல் வெறுமனே குடிக்கிற பழக்கம் அவருடைய பரம்பரையிலேயே இல்லை. உறைப்பு ஏறியதும் இன்னொரு வாய் பியர். புருவம் உயர்ந்தது.

"தனியக் குடிச்சா இது இருமல் மருந்து," என்று நோர்வே மொழியிலேயே சொன்னார். மரியமலர் சிலுவை போட்டுக்கொண்டார். "கணவாயோடை குடிச்சா விருந்து. சாப்பிட்டுப் பாருங்கோ," என்று முடித்தார் கிளெமென்ற்.

ஓட்வாரின் முகம் இறுகியது. பெரிய துண்டொன்றை எடுத்து மென்றார். மூக்குச் சிவந்தது, கண் வழிந்தது, கை கிளாசைத் தேடியது. ஒரே மூச்சில் குடித்து, மறுபடி ஊற்றியும் குடித்தார். லீசா நீட்டிய தண்ணீரை வேண்டாமென்றார்.

"என்ரை மனுசியும் இருமல் மருந்தெண்டுதான் சொல்லுறவ," என்றார் மூச்சு வந்ததும். "ஆனா கணவாய் தாறேல்லை."

பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பாரும்," என்றார் கிளெமென்ற் மனைவியிடம் தமிழில். "அவருக்கே இப்பதான் தன்ரை பியர் பிடிச்சிருக்கு."

"வாயை மூடுங்கோ," என்று சொல்லிக்கொண்டே, மிச்சக் கணவாயையும் அடுப்பில் போட எழும்பினார் மரியமலர்.