வெட்டுக்கோட்டுக்கு அப்பால்

பனிட்சாப் பலகாரம் வாங்கினால் தெமெனுகா முதலில் பெட்டியைத்தான் பிரிப்பாள். ஒட்டுமடிப்பில் நகத்தை விட்டு, கிழியாமல் எடுத்து, மேசையில் விரித்து நீவிவிடுவாள். பாலாடைக்கட்டி வாசம் ஏறிய அட்டை, பறவையும் அல்லாத சிலுவையும் அல்லாத ஓர் உருவமாகக் கிடக்கும். பனிட்சா ஆறிக்கொண்டிருக்கும். "மூடி சரியா தலைகீழா இருக்கு," என்பாள் தனக்குத்தானே. விரித்தபோது தலைகீழாக இருந்தால்தான் மடித்ததும் நேராக நிற்கும்.

காப்ரோவோ நகரில் ஓர் அட்டைப்பெட்டி அச்சகத்தில் வேலை. வாடிக்கையாளர் தரும் படங்களை அச்சுக்கேற்ற கோப்புகளாக்குவாள். வெட்டுக்கோடு, மடிப்புக்கோடு, பசைக்கு விடும் வெற்றிடம். நாள் முழுக்க அதிலேயே இருப்பதால் அவள் கண்ணுக்கு ஊரே மடிப்புக் கலைந்து தெரியும். யந்த்ரா ஆற்றுப் பாலத்தில் நின்றால் எதிர்க்கரை வீடுகள் ஓசையில்லாமல் விரிந்து தண்ணீரில் மல்லாந்து படுக்கும். தேவாலயக் கூரை இதழிதழாகத் திறக்கும். பின்னால் யாராவது ஹாரன் அடித்தால்தான் எல்லாம் மறுபடி நிமிரும்.

படம் வெட்டுக்கோட்டோடு நிற்கக் கூடாது. மூன்று மில்லிமீட்டர் தாண்டி ஓட வேண்டும். இல்லாவிட்டால், கத்தி இம்மி நகர்ந்தாலும் ஓரத்தில் வெள்ளை பல்லைக் காட்டும். கஞ்சத்தனத்துக்குப் பேர்போன ஊரில் இதை விளக்குவது பெரும்பாடு.

"வெட்டிக் குப்பையில போடுறதுக்கா மை? நீ எந்த ஊரு பொண்ணு?" என்று ஊறுகாய்ப் பெட்டி அடிக்க வருகிறவர் கேட்பார்.

"இதே ஊருதான். அதான் அஞ்சு கேக்காம மூணு கேக்குறேன்."

அவள் அப்பா ராய்ச்சோவும் அப்படித்தான். தேனீ வளர்த்தவர். போன குளிர்காலத்தில் தேன் பெட்டிக்கென்று பென்சிலால் ஒரு மலைத்தொடர் வரைந்து கொடுத்தார். காகிதத்தின் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை. "ஓரத்தைச் சும்மா விட்டா அதுல வெங்காயமா முளைக்கப் போகுது?" என்றார். பனி உருகுமுன் போய்விட்டார்.

அரையாண்டு நினைவுநாளில் கல்லறைக்கு வருகிறவர்களுக்கு அவருடைய கூடுகளின் தேனைக் கொடுப்பதென்று அம்மா முடிவு செய்தாள். அவர் வரைந்த பெட்டியில் வைத்துத்தான். கோப்பில் எல்லாம் தயார். மலைக்கோடு மட்டும் வெட்டுக்கோட்டில் முட்டி நின்றது. படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கலாம். ஆனால் கத்தி அப்பாவின் கோட்டைத் தின்னும். ஊறுகாய்ப் படமென்றால் ஓரத்தைக் கண்ணாடிபோல் திருப்பி ஒட்டிக் கண்மூடித் திறப்பதற்குள் நீட்டிவிடுவாள். இதிலும் செய்து பார்த்தாள். மலை வந்த வழியே திரும்பியது. அழித்தாள்.

இயந்திரம் பார்க்கும் கின்ச்சோ கதவில் சாய்ந்தார். "தெமெ, அச்சு பிளேட் எடுக்கணும். மத்தியானத்துக்கு மேல மருந்துப்பெட்டி ஓட ஆரம்பிச்சிரும். அப்புறம் அடுத்த வாரந்தான்."

"சனிக்கிழமை நினைவுநாள் அண்ணே."

"அப்ப இப்படியே அனுப்பு. வெள்ளை தெரிஞ்சா தெரியட்டும்."

"அதுக்கு என்னைத் தூக்கிக் கத்தியில வைங்க."

"உங்கப்பன் புத்தி அப்படியே. தாண்டி வரையறது வெட்டுப்படப் போறதுதானே, யாரு பாக்கப் போறா? எதையாவது கிறுக்கேன்."

"அவரு நிறுத்தின இடத்துக்கு அப்புறம் மலை எப்படிப் போகும்னு எனக்குத் தெரியல அண்ணே."

கின்ச்சோ கையிலிருந்த காப்பியை அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அப்பாவின் காகிதத்தைப் பெரிய தாளொன்றின் மேல் வைத்து ஒட்டினாள். கண்ணை மூடினாள். கூடுகள் இருக்கும் மேடு வந்தது. லிண்டன் பூ வாசம் வந்தது. அப்பா முக்காலியில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காகிதம் முடிந்த இடத்தில் மலை முடியவில்லை. சற்றுத் தணிந்து, ஒரு பாறையில் இடறி, மறுபடி எழுந்தது. பென்சிலை எடுத்தாள். இடப்பக்கம் மூன்று மில்லிமீட்டர். வலப்பக்கம் மூன்று.

அச்சான அட்டைகளை வெட்டும்போது கீழே இயந்திரத்தருகே போய் நின்றாள். அப்பா பெட்டிகளாகி ஒருபுறம் அடுக்கப்பட, அவள் வரைந்தது கீற்றுகளாகி மறுபுறம் விழுந்தது. கின்ச்சோ ஒரு பெட்டியை மட்டும் ஒதுக்கி எறிந்தார். "கத்தி நகர்ந்திருச்சு. உன் கோடு உள்ள வந்திருக்கு. கழிவு."

தெமெனுகா அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். கட்டைவிரலை மலையின்மேல் மெதுவாக ஓட்டினாள். விரல் எங்கும் தயங்காமல் விளிம்பு வரை போயிற்று. அட்டையைத் தாண்டி, காற்றிலும் கொஞ்சம் போயிற்று.