அவிழ்த்து வைத்த கயிறு

எங்கள் பக்கம் மாட்டை விற்பவர்கள் கயிற்றை விற்க மாட்டார்கள். விலை முடிந்ததும், வாங்குகிறவர் தான் கொண்டுவந்த புதுக் கயிற்றைக் கட்டுவார். விற்றவர் பழைய கயிற்றை அவிழ்த்துச் சுருட்டித் தொழுவத்து ஆணியில் மாட்டிவைப்பார். கயிறும் சேர்ந்து போய்விட்டால் அந்த வீட்டில் மாடு தங்காது என்பது நம்பிக்கை. என் அத்தா மாட்டுத் தரகர். உத்தமபாளையத்தில் எங்கள் வீட்டு முற்றத்துக் கொடியில் துணியைவிடப் புதுக் கயிறுதான் அதிகம் தொங்கும். நான் கல்யாணமாகிப் போனது அடுத்த தெருவுக்குத்தான் என்பதால் அதைப் பார்க்காத நாள் இல்லை. கொஞ்ச காலமாக அந்தக் கயிறுகள் குறையவில்லை. வெயிலில் வெளுத்துக்கொண்டு அங்கேயே தொங்கின.

பால் வேண்டுமென்றால் பசு ஈன வேண்டும். ஈன்றால் பாதிக்குப் பாதி காளைக்கன்று. உழவுக்கு டிராக்டர் வந்த பிறகு அந்தக் கலப்பினக் காளைகளுக்கு இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு வேலையும் இல்லை. அவற்றை அத்தா வாங்கிக்கொள்வார். லோயர் கேம்ப் தாண்டி மலையேறிக் குமுளி வழியாக வண்டி போகும். 'மேக்க போகுது' என்பார்கள். மேற்கே போய் என்ன ஆகிறதென்று விற்றவர்களும் கேட்டதில்லை, அத்தாவும் சொன்னதில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டால் மறுநாள் காலை டீ தொண்டையில் இறங்காதே.

இதில் வேடிக்கை, அத்தா மாட்டுக்கறி சாப்பிட மாட்டார். "தடவிக் குடுத்த கையி, வாய்க்குப் போக மாட்டேங்குது" என்பார். அந்தப் பேச்சையே வீட்டுக்குள் விடாத சில பெரிய மனிதர்களோ, குமுளிக்குப் போனால் முதலில் தேடுவது பரோட்டாவும் பீஃபும் போடுகிற கடையைத்தான். நன்றாகச் சாப்பிடட்டும், எனக்கென்ன வந்தது. ஆனால் ஊர் திரும்பியதும் வாயைத் துடைத்துக்கொண்டு அத்தாவை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அப்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சட்டம் என்று பார்த்தால் எல்லாவற்றுக்கும் ஒரு சான்று உண்டு. மாட்டை வண்டியில் ஏற்ற டாக்டர் சான்று, அறுக்க வேண்டுமென்றால் வயதாகி எதற்கும் ஆகாத மாடு என்று ஒரு சான்று. அத்தா அத்தனையும் வாங்கி பிளாஸ்டிக் பையில் போட்டு டிரைவரிடம் கொடுத்துத்தான் அனுப்புவார். ஒருநாள் மாட்டைக் காப்பாற்றுகிறோம் என்று வழியில் வண்டியை மறித்தவர்கள் அந்தப் பையைப் பிரிக்கவே இல்லை. டிரைவரை இறக்கி அடித்தார்கள். அதோடு அவர் சாவியைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். அத்தாவும் காளை வியாபாரத்தை விட்டார். வீட்டுக்கு வீடு கறவை மாடு கைமாற்றிவிடுவது மட்டும் மிஞ்சியது. அதற்காகச் சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு மொபெட்டில் கிளம்பினால், இருட்டுகிற நேரத்தில் திரும்புவார்.

எனக்கும் ஒரு கறவை வேண்டியிருந்தது. அத்தாவோடு மார்க்கையன்கோட்டைக்குப் போனேன். அங்கே ஒருவர் வீட்டில் செவலைப் பசு சினையாக நின்றது. பார்த்ததும் பிடித்துவிட்டது. ஈன்றதும் கன்றோடு எங்கள் வீட்டுக்கு என்று பேச்சு முடிந்தது. பக்கத்திலேயே அதன் முந்தின ஈற்றுக் காளை கட்டிக் கிடந்தது. கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளை, ஒரு கொம்பு கீழ்நோக்கி வளைந்திருந்தது. அத்தா பேசிக்கொண்டே அதன் கழுத்தைச் சொறிந்துகொடுத்தார். அது சுகமாகத் தாடையைத் தூக்கிக் காட்டியது.

"மாமா, இவனையும் சேத்துப் பிடிச்சுக்கங்க" என்றார் மாட்டுக்காரர். சொந்தமில்லை, எங்கள் பக்கம் மதம் பார்க்காமல் முறை வைத்துத்தான் கூப்பிடுவோம்.

"பசுவுக்குத்தான் மாப்ள வந்தோம்."

"வெல வேணாம் மாமா. சும்மா கொண்டுபோங்க. தீனி போட்டு மாளல."

"சும்மா குடுத்தாலும் எங்கன ஏத்துவேன்? டிரைவரு வீட்டம்மா வந்து அழுதுட்டுப் போனாக. இனி அவரக் கூப்பிடாதீகன்னு சொல்லிட்டாக."

அவர் காளையைப் பார்த்தபடி நின்றார். அவர் முகம் எனக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்த முறை பசுவைப் பார்க்கப் போனபோது காளை இருந்த இடம் கூட்டிக் கழுவியிருந்தது. ஆணியில் ஒரு கயிறு சுருட்டித் தொங்கியது.

"குச்சனூர் கோயிலுக்கு நேந்துவிட்டுட்டேன் மாமா. சனிக்கெழம, கூட்டத்தோட கூட்டமா ஓட்டிட்டுப் போயிட்டேன்."

"கோயில்ல ஒப்படைச்சியா?"

"இல்ல, பக்கத்துல விட்டேன். புல்லு கெடக்கு, வாய்க்காத் தண்ணி கெடக்கு. பெறகென்ன?"

அத்தா ஆணியைப் பார்த்தார். "கயித்த அவுத்துட்டுத்தான் விட்டியா?"

"அத எப்படி மாமா குடுக்குறது? தொழுவம் வெளங்கணும்ல."

விற்கிற மாட்டுக்குச் செய்வதை, விரட்டிவிட்ட மாட்டுக்கும் செய்திருந்தார். விற்கும்போது ஒரு கயிறு போனால் இன்னொரு கயிறு வரும். இதற்கு யார் கட்டுவது? அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை, எல்லோரும் அப்படித்தான் விட்டுக்கொண்டிருந்தார்கள். மாட்டை ரோட்டில் விட்டால் அபராதம் என்பதால் காதில் மாட்டிய மஞ்சள் எண் அட்டையையும் பிய்த்துவிடுவார்கள். கிழிந்த காதும் வெறுங்கழுத்துமாக அவை வயல்களுக்குள் இறங்கின. அங்கே கம்பால் அடித்து விரட்டினால் ரோட்டுக்கு வந்தன. பொழுது சாய்ந்ததும் தார் ரோட்டின் சூட்டுக்காக நடுரோட்டிலேயே படுத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் நெல், விளக்குக் கிடையாது. பக்கத்தில் போகிறவரை கறுப்பு மாடு கண்ணுக்குத் தெரியாது. ஒருமுறை அத்தாவோடு வரும்போது முழங்கால் உயரத்தில் இரண்டு கண்கள் பளபளத்தன. நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"வெளிச்சம் இருக்கையிலேயே வீட்டுக்கு வந்துருங்கத்தா" என்று அன்றிலிருந்து தினமும் சொல்லிப் பார்த்தேன்.

"மாட்டுக்குப் பயந்தா நான் என்ன தரகன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு கேட்டால் போதும், கை வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவேன். மொபெட் சத்தம் கேட்கும்வரை உள்ளே போக மாட்டேன்.

பிறகு ஒருநாள் மொபெட் சத்தம் வரவில்லை. போன்தான் வந்தது.

தேனியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அத்தாவே சொன்னார். இருட்டில் ரோட்டில் படுத்திருந்த காளையை இடித்தபின் அவர் வாய்க்கால் ஓரம் விழுந்து கிடந்திருக்கிறார். வலது கால் சொன்னபடி கேட்கவில்லை. காளை எழுந்து நொண்டிக்கொண்டே வந்து அவரை மோந்து பார்த்தது. நெற்றி வெள்ளையும் வளைந்த கொம்பும் மொபெட் வெளிச்சத்தில் தெரிந்தன. மாடு பக்கத்தில் நின்றால் அத்தாவின் கை தானாகக் கழுத்துக்குப் போகும். கயிற்றைப் பிடித்து எழுந்துவிடலாம் என்று கையை நீட்டினார்.

"தடவுறேன், தடவுறேன், கழுத்து மட்டுந்தேன் இருக்கு" என்றார். அவ்வளவு நேரம் அழாமலிருந்த எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

இடுப்பெலும்பும் தொடையும் முறிந்திருந்தன. இனி மொபெட் ஓட்ட முடியாது, கம்பில்லாமல் நடக்கவும் முடியாது என்று டாக்டர் சொன்னார்.

மார்க்கையன்கோட்டைக்காரர் பார்க்க வந்தார். பழப்பையை என் கையில் கொடுத்துவிட்டு, அத்தாவின் காலைப் பார்க்காமல் ஸ்டூலில் உட்கார்ந்தார். "கண்ட பயலுகளும் மாட்ட அவுத்து விட்டுர்றானுக மாமா" என்றார்.

எனக்கு வாய்வரை வந்துவிட்டது. அத்தா என் கையை அழுத்தினார்.

"கயிறு பத்திரமா இருக்கா மாப்ள?"

அவர் துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்தார். "இருக்கு மாமா" என்றார்.

போகும்போது வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். என்னைப் பார்க்காமல் அத்தாவிடம் சொன்னார்.

"பசு ஈனிருச்சு மாமா. நல்ல பாலு. பேசுனபடி வந்து ஓட்டிக்கங்க."

"கன்னு?"

அவர் தரையைப் பார்த்தார். "காளதான்."

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்தக் கன்று எந்த ரோட்டுக்குப் போகும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. என் வீட்டில் வைத்தால் மட்டும் அதை எத்தனை நாள் கட்டிப்போட்டுத் தீனி போடுவேன், பிறகு என்ன செய்வேன் என்பது தெரியவில்லை.

அத்தா கண்ணை மூடிக்கொண்டு, வீட்டுக் கொடியிலிருந்து இரண்டு கயிறு எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.