கடலைச்செடி வாங்கும் காற்று

எடப்பாடிச் சாலையோரம் எங்களுக்கு மானாவாரிக் காடு. கணவர் போன பிறகு நானும் அவர் தம்பியும் கூட்டாகக் கடலை போட்டு வந்தோம். இந்த ஆடியில் விதைக்கும்போதே, அண்ணியான என்னை நங்கை என்று கூப்பிடும் கொழுந்தனார் சொல்லிவிட்டார்:

"இந்த வெள்ளாமை ஊட்டுக்கு வந்தா காட்டை வெச்சுக்கலாமுங்க நங்கை. இல்லீன்னா சைட்டு போட்டு விக்கறவனுக்குக் குடுத்தரலாம்."

தலையாட்டினேன். எதிர்த்துப் பேச எனக்கு வராது.

கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் வாராவாரம் வந்தாள். பயிரும் மண்ணும் எவ்வளவு கரியமில வாயுவை இழுத்துக்கொள்கின்றன, எவ்வளவு விடுகின்றன என்று அளக்க எங்கள் காட்டில் இரும்பு வளையங்களைப் பதித்திருந்தாள். வளையத்துக்குள் நிற்கும் செடியின் மேல் கண்ணாடி போன்ற பெட்டியை வைத்து மூடுவாள். குழாய் வழியாகக் காற்று கருவிக்குப் போகும். திரையில் எண் இறங்கினால் செடி வாங்கிக்கொள்கிறது, ஏறினால் விடுகிறது. மூடும்போது அருகில் நின்றால் நம் மூச்சும் உள்ளே போய்விடுமாம். தள்ளி நிற்கச் சொல்வாள்.

"மூச்ச அடக்கிக்கங்க நங்கை. உங்க காத்தையும் கடலை விட்டதுன்னு எழுதிப்போடும் இந்தப் புள்ள," என்பார் கொழுந்தனார்.

"உங்க பீடிப் புகையத்தான் மொதல்ல எழுதோணும். இன்னும் தள்ளிப் போங்கண்ணா," என்பாள் அவள்.

பூவெடுத்த வாரங்களில் எண் மளமளவென்று இறங்கியது. திரையை என் பக்கம் திருப்பிக் காட்டுவாள். இலையைப் பார்ப்பதை விட்டு எண்ணைப் பார்க்கப் பழகிவிட்டேன். அது இறங்க இறங்க, காடு கைவிட்டுப் போகாது என்றிருந்தது.

பிறகு மழை இல்லை. பூவிலிருந்து மண்ணுக்குள் போய்க் காயாகும் விழுது இறங்க முடியாமல் மண் இறுகிக் கிடந்தது. மேகம் சங்ககிரிப் பக்கமே கலைந்தது. ஒரு வாரம் எண் அசையாமல் நின்றது. கருவி கெட்டுவிட்டதா என்று கேட்டேன். நானாக அவளிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"கருவி நல்லாத்தான் இருக்குதுக்கா."

அடுத்த முறை, நல்ல வெயிலில், எண் ஏறியது.

"வாங்கறது நின்னு போச்சா சாமி?" என்றார் கொழுந்தனார். குரலில் கேலி இல்லை.

"செடி வாங்கறதவிட மண்ணு விடறது அதிகமுங்கண்ணா."

"அப்பறம் எதுக்கு அளக்கற?"

"காஞ்ச வருசமும் கணக்குல வரோணுமுங்க."

கொழுந்தனார் ஒரு செடியைப் பிடுங்கி என்னிடம் நீட்டினார். இருந்த ஒரு காயை நசுக்கினேன். உள்ளே பருப்பில்லை.

"பத்திரத்துக்குப் பேசிட்டு வந்தர்றேன். கையெழுத்துப் போட மட்டும் வந்தாப் போதுமுங்க நங்கை."

அந்தப் பெண் பெட்டியை அடுத்த வளையத்துக்குத் தூக்கிப் போனாள். இன்னொரு பட்டம் விதைத்துப் பார்க்கலாமே என்று கொழுந்தனாரிடம் கேட்க வாயெடுத்தேன்.

"வாரேனுங்க," என்றேன்.