பனியில் போன விரல்கள்

எங்கள் ஊரில் பனி என்றால் மார்கழிப் பனிதான். விடியற்காலையில் புல் மேல் நிற்கும், வெயில் ஏறினால் காணாமல் போய்விடும். தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டால் தீர்ந்தது. மிஞ்சிப் போனால் சளி பிடிக்கும். இந்த ஒரு சொல்லால்தான் என் மாமா கெட்டார். வெள்ளைக்காரன் பட்டாளத்துக்குப் போன இடத்தில், காஷ்மீரத்தில், அவர் கண்டதற்கும் அதே பெயரைச் சொல்லிவிட்டார். வேறு எந்தப் பெயரைச் சொல்வார், பாவம்? அவருக்குத் தெரிந்த தமிழில் அதற்கு வேறு பெயர் கிடையாது.

மாமா என் அம்மாவின் தம்பி. தாய் தகப்பனைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்தவர். அம்மாதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். சண்டை முடிந்ததும் அரியலூர் ஸ்டேஷனில் வந்து இறங்கி, சிறுவாச்சூருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்குப் பூட்ஸும் கம்பளிக் காலுறையுமாக வந்து சேர்ந்தார். பூட்ஸை வாசலில் கழற்றினாரே தவிர காலுறையைக் கழற்றவே இல்லை. “பனியில காலு கெட்டுப்போச்சுக்கா” என்று வந்த அன்றைக்கே சொன்னார். அம்மா அதைப் பித்தவெடிப்பு என்று எடுத்துக்கொண்டாள். “வெளக்கெண்ணெயத் தடவிக்கிட்டுப் படுடா, சரியாயிடும்” என்றாள். மாமா சிரித்துவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டார். அந்த இடத்திலேயே காலை நீட்டிக் காட்டியிருக்க வேண்டும். மனிதருக்கு வெட்கம்.

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். மாமா சொல்லும் பனிக்கதை என்றால் சோறு தண்ணி வேண்டாம். அவர் இருந்த இடத்து மலைச்சரிவு ஒன்றும் பெரிதில்லையாம். நம் ஏரிக்கரையை நாலு மடங்கு உயர்த்தினால் எப்படியோ, அப்படி. வெள்ளைக்காரத் துரைமார்கள் நீளப் பலகையைக் காலில் கட்டிக்கொண்டு அதன் உச்சியிலிருந்து சர்ரென்று சறுக்கி வருவார்களாம். ஐப்பசியில் விழும் பனி தரையில் தங்காது. கார்த்திகை கடைசியில்தான் தங்க ஆரம்பிக்கும். மார்கழி, தையில் இடித்துச் சலித்த அரிசி மாவு மாதிரி விழும். சறுக்குவதற்கு அதுதான் நல்ல பனி. மாசியில் காற்றும் சேர்ந்துகொண்டால் நீட்டிய கை தெரியாது. பங்குனியில் மத்தியானம் கூழாகக் கிடக்கும், பொழுது சாய்ந்தால் கருங்கல்லாக இறுகிவிடும். சித்திரையில் பார்த்தால் புல் முளைத்திருக்கும்.

மாமாவுக்கு அங்கே என்ன வேலை தெரியுமா? மிதிப்பது. புதுப்பனி விழுந்ததும் சிப்பாய்கள் வரிசையாக நின்று, சரிவு முழுக்கக் காலால் மிதித்து இறுக்கிக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் துரை சறுக்குவார். அப்படி ஒரு மாசி மாதத்தில் காற்றில் மாட்டிக்கொண்டு, நனைந்த பூட்ஸோடு வெகுநேரம் மிதித்திருக்கிறார். அதற்கு மேல் சொல்ல மாட்டார். நானும் கேட்கவில்லை. எனக்குப் பலகைதான் முக்கியம்.

மாமாவுக்கு அம்மா பெண் பார்த்தாள். அரியலூர்ப் பக்கத்துப் பெண். அந்தக் காலத்தில் எங்களில் கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில்தான். பெண் வீட்டார் வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். பந்தலில் மேளம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். தாலி கட்டுவதற்கு முன்னால் பெண்ணின் தம்பி மாப்பிள்ளையின் காலைக் கழுவி, கட்டைவிரலுக்கு அடுத்த விரலில் வெள்ளி மிஞ்சி போட வேண்டும். வழக்கம் அது. மாமா காலை உள்ளே இழுத்துக்கொண்டார். “காலுறை மேலேயே தண்ணிய ஊத்துங்க மச்சான்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். “பட்டாளத்து மாப்ள கூச்சப்படுறாரு டோய்!” என்று யாரோ கத்த, மச்சான்காரன் விளையாட்டாக வலது கால் உறையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டான்.

கட்டைவிரல் மட்டும் இருந்தது. அடுத்த நான்கு விரல்களும் இல்லை. கறுத்துச் சுருங்கிய அடிக்கட்டைகள்தான் இருந்தன.

மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். மச்சான்காரன் கையிலிருந்த மிஞ்சி தாம்பாளத்தில் விழுந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவளும் அன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

“குஷ்டம்! பெருவியாதி!” என்றார் பெண்ணின் தகப்பனார்.

“இல்லீங்க மாமா, சத்தியமா இல்லீங்க. பனியில போனதுங்க.”

“பனியிலயா? யாருக்குய்யா காது குத்துறே? நாங்க மார்கழி பூரா களத்துலதான் படுத்துக் கெடக்குறோம். எங்களுக்கு எந்த வெரலு போச்சு? டேய், வண்டியப் பூட்டுங்கடா!”

மாமா எழுந்து, அரிசி மாவு, மாசி, காற்று என்று என்னென்னவோ சொன்னார். கேட்க ஆள் இல்லை. பந்தியில் இலை போட்டது போட்டபடி கிடக்க, ஊர் சனமும் ஒவ்வொருவராக நழுவிவிட்டது. அம்மா மட்டும் வாசலில் நின்று, போகிற வண்டிகளைப் பார்த்துக் கத்தினாள்: “என் தம்பி பொய் சொல்ல மாட்டான்! நான் வளத்த புள்ள அது!”

மாமா அவள் தோளைத் தொட்டார். “போனாப் போவட்டும் வுடுக்கா. நீ நம்புறே இல்ல, அது போதும் எனக்கு” என்றார். அழவில்லை. சிரிக்கக்கூடச் செய்தார்.

அதற்குப் பிறகு சவரம் செய்பவர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. பொதுக் கிணற்றில் அம்மா குடத்தோடு போனால் மற்றவர்கள் விலகி நின்றார்கள். “புள்ள குட்டி இருக்கிற வூடு, பாத்து நடந்துக்க” என்று பக்கத்து வீட்டுக்காரி அம்மாவின் காதைக் கடித்தாள். அம்மா அவளைத் திட்டித்தான் அனுப்பினாள். ஆனால் அதிலிருந்து மாமாவின் பக்கத்தில் நான் போய் உட்கார்ந்தால் ஏதாவது வேலை சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டாள்.

ஒருநாள் மத்தியானம் மாமா சாப்பிட்டுவிட்டு எழுந்து போனதும், அவர் சோறு தின்ற வெண்கல வட்டிலை அம்மா கழுவினாள். கழுவிவிட்டு, கொல்லையில் வைக்கோலைக் கொளுத்தி, வட்டிலை இடுக்கியால் பிடித்து நெருப்பில் திருப்பித் திருப்பிக் காட்டினாள். எனக்கு ஒரே சந்தோஷம். அத்தனை குளிரில் கிடந்து வந்தவருக்குச் சூடான வட்டில்! அம்மாவுக்குத்தான் மாமா மேல் எத்தனை பிரியம்! கை கழுவிவிட்டு மாமா கொல்லை வாசற்படியில் வந்து நின்றார். நான் கையைத் தட்டிக்கொண்டு, “மாமா, இங்க பாருங்களேன்! உங்களுக்குக் குளிருமேன்னு அம்மா வட்டில சூடு பண்ணுது!” என்றேன்.

அம்மா திரும்பவே இல்லை. மாமா வெகுநேரம் அந்த நெருப்பையே பார்த்தார். பிறகு என் தலையைத் தொட வந்த கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டு, “ஆமாண்டி குட்டி, குளுருதுதான்” என்றார்.

விடிந்து பார்த்தால் அவர் இல்லை. எங்கே போனார் என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. அம்மா அந்த வட்டிலை மடியில் வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். நான் வட்டிலைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. ராத்திரிக்குள் சூடு ஆறிப்போய்விட்டதே என்றுதான் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.