கடைசிப் பக்கத்துக் கதிரை

போன வாரம் ஒரு புத்தகத்தை யாருடைய தலையிலாவது கட்டிவிடப் பார்த்தேன். வசமாக அகப்பட்டுக்கொண்டேன்.

நடந்தது இதுதான். நெல்லியடிப் பக்கம் ஒரு முன்பள்ளியில் ஒளிவிழா. நத்தாருக்கு முன்னால் பள்ளிக்கூடங்களில் நடக்குமே, பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை போட்டு, முதுகில் கடதாசிச் செட்டை கட்டி, தேவதூதர்களாக்கி மேடையில் ஏற்றுவார்களே... அதுதான். பிரதம விருந்தினர் நான். ஆசிரியை போனில் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"சேர், நீங்கள் புத்தகங்களைப் பற்றி எழுதிற ஆள். வரேக்கை பிள்ளையளுக்கு ஒரு கதைப் புத்தகமும் கொண்டு வந்தியளெண்டால் நல்லம். நத்தார்க் கதையெண்டால் இன்னும் நல்லம்."

"அதுக்கென்ன பிள்ளை, கொண்டு வாறன்" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, கடைக்குப் போகப் பஞ்சியாக இருந்தது. மழை வேறு. அப்போதுதான் எங்கள் வீட்டு ஷோகேஸ் ஞாபகம் வந்தது.

ஷோகேஸ் தெரியும்தானே? யாழ்ப்பாணத்து வீடுகளின் முன் ஹோலில் நிற்கும் கண்ணாடி அலுமாரி. வெளிநாட்டிலிருந்து பார்சலில் வந்த நல்ல சாமான் எதுவும் முதலில் அதற்குள்தான் போகும். ஒருநாளும் தேத்தண்ணி ஊற்றப்படாத கோப்பை செட், சாவி கொடுக்கப்படாத பொம்மை, முடிந்துபோன சென்ற் போத்தல்... வந்தவர்கள் பார்க்கலாம். வீட்டிலுள்ளவர்களும் பார்க்கலாம். தொடத்தான் கூடாது. எங்கள் வீட்டு ஷோகேஸுக்குப் பூட்டும் உண்டு. திறப்பு என் மேசை லாச்சியில் இருக்கும்.

அதன் மேல் தட்டில் ஒரு படப் புத்தகம் இருந்தது. பச்சை அட்டை. பனி மூடிய ஒரு சின்ன வீடு, அதன் ஒரு ஜன்னலில் மட்டும் மஞ்சள் வெளிச்சம். கனடாவில் இருக்கும் என் தங்கச்சி, என் மகளுக்கென்று அனுப்பியது. மகளுக்கு அப்போது ஏழு வயது. இப்போது இருபத்தெட்டு. கொழும்பில் ஒரு கம்பனியில் வேலை செய்கிறாள். புத்தகம் மட்டும் வந்த கோலத்தில் அப்படியே இருந்தது. அழுக்குப் படக்கூடாதென்று நானே பொலித்தீன் உறை போட்டு, சுற்றிவர டேப் ஒட்டி வைத்தது.

எடுப்பதை மனைவி கண்டுவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, தங்கச்சி தந்ததையோ குடுக்கப்போறியள்?"

"சும்மா கிடக்கிற புத்தகம்தானே. நாலு பிள்ளையள் படிக்கட்டும்."

எப்பேர்ப்பட்ட பெருந்தன்மை பாருங்கள்!

விழா அன்று காலை, கதையை ஒருதரம் பார்த்துக்கொண்டால் மேடையில் இரண்டு வார்த்தை பேச உதவும் என்று டேப்பை வெட்டினேன். வாராவாரம் புத்தகங்களைப் பற்றி உங்களுக்குப் புத்தி சொல்கிற நான், என் சொந்த வீட்டில் இருபத்தொரு வருடமாக இருந்த புத்தகத்தை அன்றுதான் முதல்முதலாகத் திறந்தேன்.

முன்னட்டையின் உட்புறத்தில் போட்டிருந்ததைப் பார்த்தால், சாதாரணப் புத்தகம் இல்லை. அந்த நாடுகளில் மூன்று தலைமுறையாகப் பிள்ளைகள் நத்தாருக்கு நத்தார் படிக்கிற கதையாம். எனக்கு அதன் பேர்கூடத் தெரியாது. படப் புத்தகம்தானே, அதில் என்ன இருக்கப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

கதை சின்னது. ஒரு தாயும் ஒரு சிறுமியும். நத்தார் மாலையில் தாய் மேசையைச் சுற்றிக் கதிரைகளைப் போடுகிறாள். ஒரு கதிரை கூடுதலாக. குட்டிக் கதிரை, சின்னப் பிள்ளை இருக்கிற அளவு. யாருக்கு அம்மா என்று சிறுமி கேட்கிறாள். வாறவருக்கு என்கிறாள் தாய். கதவு தட்டப்படுகிறது. தாடிக்கார வியாபாரி ஒருவர் வருகிறார். குளிர்காய்ந்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போகிறார். பிடில்காரன் ஒருவன் வருகிறான். ஒரு பாட்டு வாசித்துவிட்டுப் போகிறான். ஒரு கிழட்டுக் குதிரைகூட வந்து தலையை நீட்டுகிறது. யாரும் அந்தக் கதிரையில் இருக்கவில்லை. எடுத்து வைத்துவிடவா என்று சிறுமி கேட்கிறாள். வேண்டாம், வரவேண்டியவர் இன்னும் வழியில்தான் இருக்கிறார் என்கிறாள் தாய்.

அவ்வளவுதான். அழகான கதை. ஆனால், நான் சொல்ல வந்தது அதையல்ல.

இரண்டாம் பக்கத்திலிருந்தே ஒவ்வோர் ஆங்கில வரிக்குக் கீழும் பென்சிலால் தமிழ் எழுதியிருந்தது. தங்கச்சியின் கையெழுத்து. அதுவும் புத்தகத் தமிழ் இல்லை, எங்கள் பருத்தித்துறைப் பேச்சு.

"ஸ்னோ எண்டால் எங்கடை மார்கழிப் பனி இல்லை, பிள்ளை. உப்பளத்திலை உப்புக் குவிச்சு வைச்சிருப்பினமெல்லோ, ஊர் முழுக்க அப்பிடி."

"இவர் நத்தார் தாத்தா இல்லை. குளிருக்குத் தாடி வளத்தவர்."

"புடிங் எண்டால் மோதகம் மாதிரி, ஆனால் கறுப்பு. ருசிக்கு மோதகம்தான் நல்லம்."

சிரித்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டினேன். கதவு தட்டப்படுகிற படம். அதன் ஓரத்தில் எனக்கு ஒரு குறிப்பு.

"அண்ணை, இந்த இடத்திலை நீங்கள் மேசையிலை மூண்டு தரம் தட்டவேணும். அப்பதான் பிள்ளைக்குப் பிடிக்கும்."

நான் இந்தப் புத்தகத்தை மகளுக்கு வாசித்துக் காட்டுவேன் என்று அவள் நினைத்திருக்கிறாள். மடியில் வைத்து, குரலை மாற்றி மாற்றி... நான் மேசையில் மூன்று தரம் தட்டினேன்.

"ஆர் வந்தது?" என்றாள் மனைவி, குசினியிலிருந்து.

"ஒருத்தருமில்லை" என்றேன்.

தங்கச்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். என்னைவிட ஐந்து வயது இளையவள். ஊர் குழம்பிய காலத்தில் தனியாகப் போனவள். கல்யாணம் ஒன்றும் சரிவரவில்லை. வேலைக்குப் போகிற தாய்மாரின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற ஓர் இடத்தில் வேலை. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் கதை வாசிக்கிறவளுக்குச் சொந்தத்தில் இருந்த ஒரே ஒரு பிள்ளை, என் மகள்தான்.

இனிக் கடைசிப் பக்கம். அதில் கதையே இல்லை. அந்தக் குட்டிக் கதிரை மட்டும், வெறுமையாக. பக்கத்தின் ஓரத்தில் கிழித்தெடுக்கிறதற்குப் புள்ளிக் கோடு. படிக்கிற பிள்ளை அந்தக் கதிரையில் தன்னை வரைந்து, தனக்குப் பிரியமான ஒருவருக்கு அனுப்பவேண்டுமாம். அதுதான் அந்தப் புத்தகத்தின் வழக்கம். கீழே தங்கச்சி எழுதியிருந்தாள்:

"பிள்ளை, இந்தக் கதிரையிலை நீ இருக்கிற மாதிரிக் கீறி, மாமிக்கு அனுப்பு. அப்பாட்டை உறையும் முத்திரையும் கேள். நான் சாப்பாட்டு மேசைக்கு முன்னாலை ஒட்டி வைப்பன். பிறகு நத்தாருக்கு நான் தனிச்சு இருந்து சாப்பிடத் தேவையில்லை."

எனக்கு அழுகை வந்தது. அறுபத்தாறு வயதில், காலைச் சாப்பாட்டுக்கு முன்னால், ஒரு படப் புத்தகத்தை வைத்துக்கொண்டு.

மகள் கேட்காமல் இல்லை. கேட்டாள். ஷோகேஸுக்கு முன்னால் நின்று எத்தனை தரம் கேட்டாள்!

"அப்பா, அதை ஒருக்காத் தாங்கோவன்."

"கை கழுவினனியோ?"

"ஓம்."

"பொறு, சோதினை முடியட்டும்."

பள்ளிக்கூடச் சோதினை முடிந்தது. அடுத்த சோதினை வந்தது. "இப்ப தந்தால் ஊத்தையாக்கிப் போடுவாய், கொஞ்சம் பெரிய பிள்ளையாகு, தாறன்" என்றேன். பெரிய பிள்ளையானாள். பிறகு கேட்கவில்லை. பெரிய பிள்ளைகள் படப் புத்தகம் கேட்பார்களா என்ன?

இதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுதத்தான் மூன்று நாளாகப் பின்னடித்துக்கொண்டிருந்தேன்.

பார்சல் வந்த காலம், சண்டையை நிறுத்தி, சமாதானம் என்று சொல்லிக்கொண்டு பாதை திறந்திருந்த காலம். தங்கச்சி ஞாயிறு காலைகளில் போன் எடுப்பாள். ஒரு ஞாயிறு கேட்டாள்.

"அண்ணை, புத்தகம் பிள்ளைக்குப் பிடிச்சதோ?"

"பிடிக்காமல்? ஒரு நாளைக்கு மூண்டு தரம் வாசிக்கிறாள்."

"எந்த இடம் நல்ல விருப்பமாம்?"

எனக்கு என்ன தெரியும்? ஆனால், எந்தப் புத்தகத்துக்கும் ஒரு கடைசிப் பக்கம் இருக்கும் அல்லவா?

"கடைசிப் பக்கம்" என்றேன்.

அவளுடைய குரல் வேறு மாதிரி வந்தது.

"மெய்யாவோ அண்ணை? நான் பாத்துக்கொண்டிருக்கிறன் எண்டு அவளிட்டைச் சொல்லுங்கோ."

எதை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. மகளிடம் சொல்லவும் இல்லை. அடுத்த மாதம் தங்கச்சி, "தபாலிலை ஏதும் போட்டனீங்களோ?" என்று கேட்டதும் இப்போது ஞாபகம் வருகிறது. "ஓம், ஒரு காயிதம் போட்டனான்" என்றேன். அது உண்மைதான். காணி உறுதிப் பத்திர விஷயமாக ஒரு கடிதம் போட்டிருந்தேன்.

சரி, ஒளிவிழாவுக்கு வருவோம். போனேன். புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் போனேன். பஞ்சுத் தாடி ஒட்டிய நத்தார் தாத்தா ஒருவர் பாதிப் பாட்டில் அம்மாவிடம் ஓடினார். ஒரு தேவதூதரின் செட்டை கழன்று, ஆசிரியை ஊசி குத்திவிட்டார். எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. வழமையாக இப்படியான மேடைகளில் நான் பெற்றோரைக் கொஞ்சம் காய்ச்சுவேன். பிள்ளையின் கையில் போனைக் கொடுக்காதீர்கள், புத்தகத்தைக் கொடுங்கள் என்று. கைதட்டு விழும். அன்று வாய் வரவில்லை. "பிள்ளைகள் நல்ல வடிவு" என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டேன்.

"சேர், புத்தகம்...?" என்றார் ஆசிரியை.

"மறந்துபோனன் பிள்ளை."

அந்தப் புத்தகத்தை வைத்து நான் சொன்ன அடுத்த பொய்.

வீட்டுக்கு வந்ததும் மகளுக்குப் போன் எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கோபிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள்.

"அந்தப் பச்சை அட்டைப் புத்தகமோ அப்பா? நான் கண்ணாடிக்கு வெளியிலை நிண்டு, அந்த வீட்டுக்குள்ளை ஆர் இருக்கினம் எண்டு நானே ஒரு கதை சொல்லுறனான்."

"என்ன கதை?"

"மறந்துபோச்சப்பா. மீட்டிங் ஒண்டு இருக்கு, பிறகு எடுக்கிறன்."

ஆக, அலுமாரிக்குள் ஒரு கதை. அலுமாரிக்கு வெளியில் ஒரு கதை. இரண்டுக்கும் நடுவில் பூட்டோடு நின்றவன் நான்.

பொழுதுபடும் நேரம் தங்கச்சிக்கு எடுத்தேன். அங்கே விடிந்திருக்கும். சொல்லாமல் விட்டிருக்கலாம். அவள் கேட்கவா போகிறாள்? ஆனால், இருபத்தொரு வருடப் பொய் போதும் என்று பட்டது. டேப் வெட்டியதிலிருந்து ஷோகேஸ், திறப்பு, "கடைசிப் பக்கம்" என்று போனில் அவிழ்த்துவிட்டது வரை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"அப்ப அவள் கீறவே இல்லையோ?"

"இல்லை, தங்கச்சி."

"நான் தபாலிலை துலைஞ்சுபோச்செண்டு இருந்தன் அண்ணை."

புத்தகத்தை மூடி வைத்தேன். அவளே தொடர்ந்தாள்.

"எங்கையோ ஒரு இடத்திலை, அவள் அந்தக் கதிரையிலை இருக்கிற படம் கிடக்குதெண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். அது எனக்கு ஒரு ஆறுதலாய் இருந்தது."

உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்பார்கள். எனக்கு இறங்கியது. அவளிடம் இருந்த ஒரே படத்தையும் நான் பறித்தெடுத்துவிட்டேன் என்பது அப்போதுதான் விளங்கியது. அவசர அவசரமாகச் சொன்னேன்.

"நத்தாருக்கு மகள் வருவாள். இப்ப கீறச் சொல்லட்டோ? உடனை அனுப்பி விடுறன்."

தங்கச்சி பெருமூச்சு விட்டது கேட்டது. கோபம் இல்லை. முன்பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"அது சின்னக் கதிரை அண்ணை. அவள் இப்ப அதுக்குள்ளை கொள்ளமாட்டாள்."

புத்தகத்தைத் திரும்ப அலுமாரியில் வைக்க மனம் வரவில்லை. அதே பொலித்தீன் உறையோடு என் மேசையில்தான் கிடக்கிறது. நேற்று இதை எழுதும்போது கை தட்டி, அட்டையின் மேல் தேத்தண்ணி முழுதும் கொட்டுப்பட்டுவிட்டது. சாரத் தலைப்பால் துடைத்தேன்.

ஒரு கறைகூட இல்லை.