கழியைப் படம் பிடித்தவள்

முத்துப்பேட்டைப் பக்கம், உப்பங்கழி வீட்டுக் கொல்லை வரைக்கும் வந்து போகிற ஒரு தெருவில் குடியிருப்பவள் தஹ்மீனா. புருஷன் ஜாஃபர் சாதிக் குவைத்தில் ஏசி மெக்கானிக். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் போன் போட்டு அவன் கேட்பது ஒன்றுதான்: "கொல்லையக் காட்டு புள்ள."

அவள் துவைக்கிற கல்லின்மேல் ஏறி நின்று ஒரு படம் எடுத்து அனுப்புவாள். எப்போதும் அதே கல், அதே திசை. எதிரே அலையாத்திக் காடு இருட்டிக்கொண்டு நிற்கும். அந்த இருட்டுக்குள் மடவை மீன் பிடித்து வளர்ந்தவன் அவன். படத்தைப் பார்த்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பான்.

கஜா புயல் கரையேறியதும் ஒரு வெள்ளிக்கிழமைதான். விடிந்ததும் கொல்லைக் கதவைத் திறந்தவளுக்குக் கூரைத் தகரம் பறந்ததுகூட உறைக்கவில்லை. காடு இருந்த இடத்தில் வெளிச்சம் இருந்தது. மரங்கள் ஒட்டுமொத்தமாக ஒரே பக்கம் படுத்துக் கிடந்தன.

சிக்னல் திரும்ப மூன்று வாரம் ஆயிற்று. "காடு இருக்கா புள்ள?" என்றான். குரல் அவன் குரலாக இல்லை. 'இல்லை' என்று சொன்னால், பத்துப் பேர் படுக்கிற அந்த ரூமில் அவன் எந்த மூலையில் போய் அழுவான்?

"இருக்கு மச்சான். நமக்குத் தகரம் போனதோட சரி."

சொன்ன வாய்க்குச் சாட்சி வேண்டுமே. முந்தின வருஷத்துக் கார்த்திகைப் படம் ஒன்றைத் தேடி எடுத்து அனுப்பினாள்.

ஒரு வாரத்துப் பொய் என்றுதான் நினைத்தாள். கம்பெனி மாறியது, கொரோனா வந்தது, லீவு தள்ளித் தள்ளிப் போய் மூன்றரை வருஷம் ஓடிவிட்டது. குவைத்தில் ஊர்க்காரர்கள் யாராவது காட்டைப் பற்றிச் சொன்னால், "நம்ம கொல்லைப் பக்கம் தப்பிச்சிருச்சு" என்று அவர்களுக்கே சமாதானம் சொல்வானாம்.

ஒருமுறை மாட்டிக்கொள்ளப் பார்த்தாள். "ஏன் புள்ள, இன்னிக்கு அமாவாசைல்ல? தண்ணி கல்லு வரைக்கும் ஏறியிருக்கணுமே. வத்திக் கெடக்கு?"

"காத்து மாறி அடிக்குது மச்சான்."

அன்றிலிருந்து காலண்டரில் பிறை பார்த்துத்தான் பழைய படத்தைப் பொறுக்கினாள்.

பக்கத்து வீட்டுக் கலைமகளுக்கு மட்டும் விஷயம் தெரியும். "உன் வூட்டுக்காரர் வந்து எறங்குற அன்னிக்குக் காட்ட வாடகைக்கு எடுத்து நிறுத்தப் போறியாடி?" என்பாள்.

ஆனால் கல்லில் ஏறுவதைத் தஹ்மீனா விடவில்லை. அனுப்பாத படங்கள் போனில் சேர்ந்துகொண்டே போயின. முதல் கோடையில் சேறு காய்ந்து உப்பு பூத்து வெளுத்தது. அடுத்த வருஷம் அந்த வெளுப்பில் உமரிச் செடி படர்ந்தது, செக்கச்சிவந்த தரை. அப்புறம், காடு இருந்தவரை இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத நெடுங்கால் உள்ளான் பறவைகள் வந்தன. குச்சி குச்சியாகச் சிவப்புக் கால்கள். வெட்டவெளிச் சேற்றில் முட்டையிட்டன. முதலில் ஆறுதலுக்குப் பார்த்தாள். போகப் போக, அடுத்து என்ன வரும் என்று பார்த்தாள்.

வைகாசியில் ஜாஃபர் வந்துவிட்டான். பெட்டியை வாசலில் வைத்தான், செருப்பைக் கழற்றினான், நேரே கொல்லைக்குப் போனான். அவள் பின்னாலேயே ஓடினாள்.

துவைக்கிற கல்லின்மேல் ஏறிப் பார்த்தான். பிறகு, "எங்கடி என் காடு?" என்றான்.

அவள் போனை நீட்டினாள். "எல்லாம் இதுல இருக்கு மச்சான். ஒரு வெள்ளி வுடல."

"அப்ப நீ அனுப்புனதெல்லாம்?"

"அதுவும் நம்ம கொல்லைதான். படம் பொய்யில்ல மச்சான். தேதிதான் பொய்."

"சோறு எறங்காதுன்னு நெனச்சியா? சின்னப் புள்ளையா நான்? செத்த வூட்டுக்கு மூணு வருஷம் கழிச்சு வந்தவன் மாதிரி நிக்கிறேன்டி."

அவன் போனை வாங்கவில்லை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாய்ந்து கிடந்த மரங்களைப் பார்த்துச் சேற்றில் விறுவிறுவென்று இறங்கினான்.

"மச்சான், காலை வைக்காதீங்க! முட்டை!"

ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டான். தலைக்குமேல் இரண்டு உள்ளான்கள் கத்திக்கொண்டு சுற்றின. குனிந்து பார்த்தான். சேற்று நிறத்தில் நாலு முட்டைகள். சேற்றுக்கும் முட்டைக்கும் அவன் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. தான் ஓடி விளையாடிய இடத்தில் அடுத்த அடி எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"எங்க வைக்கட்டும்?" என்றான். குரலில் கோபம் மிச்சம் இருந்தது.

அவள் புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். "அங்கயே நில்லுங்க. நான் முன்னால போறேன், என் தடத்துலயே வாங்க."

வளைந்து வளைந்து கூட்டிப் போனாள். உமரியைத் தாண்டியதும், பின்னால் வந்துகொண்டிருந்த காலடிச் சத்தம் நின்றது. திரும்பினாள். அவன் முழங்கால் உயர அலையாத்திக் கன்று ஒன்றின் முன் குந்தியிருந்தான். இலை ஒன்றைக் கிள்ளி நாக்கில் வைத்து, அதன்மேல் பூத்திருந்த உப்பைச் சப்பினான்.

"இது எந்த வெள்ளிக்கெழம வந்துச்சு?" என்று கேட்டான்.

"போன வருஷத்துக்கு முந்தின மாசி, ரெண்டாவது வெள்ளி," என்றாள் அவள், போனைப் பார்க்காமலே. "அப்ப ரெண்டே எல."